மயக்க மருந்தா, விழிப்பிலா: பேச்சிழந்த ஒரு சிறுமியின் 30 சிட்டிங்

ஒரு பெரிய மருத்துவமனையின் ரேடியோதெரபி (கதிர்வீச்சு சிகிச்சை) பிரிவில் டெக்னாலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன். எங்களிடம் சிகிச்சை பெற்ற ஒரு சிறுமியைப் பற்றிய பதிவு இது. பெற்றோரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிகிச்சையின் வரிசையையும் முடிவுகளுக்கான காரணங்களையும் மாற்றவில்லை.

பின்னணி

டெல்டா பகுதியில் ஒரு கிராமம். குழந்தைக்கு வயது 6, முதல் வகுப்பு. ஒன்றிரண்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. வாந்தி எடுத்தபின் தலைவலி குறைந்துவிடும் என்பதால் வயிற்றுக் கோளாறு என்றே மருந்து கொடுத்துவந்தார்கள். நடக்கும்போது கால் அகட்டி வைத்துத் தள்ளாடுகிறாள் என்பதைக் கவனித்தவர் அப்பாயி. அதன் பிறகு எடுத்த ஸ்கேனில் சிறுமூளையில் கட்டி தெரிந்தது. மெடுல்லோபிளாஸ்டோமா. குழந்தைகளுக்கு வரும் மூளைப் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான்.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. கட்டி முழுவதும் எடுக்கப்பட்டதாக அடுத்த இரண்டு நாட்களுக்குள் எடுத்த எம்ஆர்ஐ காட்டியது. முதுகுத்தண்டிலும் மூளைத் தண்டுவட நீரிலும் பரவல் இல்லை. ஆக, நோய் திரும்பும் சாத்தியத்தைப் பொறுத்தவரை சாதாரண அபாயப் பிரிவு.

ஆனால் அறுவை முடிந்து கண் விழித்து "அம்மா, தண்ணி" என்று கேட்ட குழந்தை, இரண்டாம் நாள் மாலையிலிருந்து பேசவில்லை. சிறுமூளையின் நடுப்பகுதியில் அறுவை செய்யப்படும் மெடுல்லோபிளாஸ்டோமா குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. பேச்சு நின்றுவிடும், உடல் தளர்ந்துவிடும், காரணமில்லாமல் அழுகையும் எரிச்சலும் வரும், சிலருக்கு விழுங்கவும் சிரமமாகும். வாரங்களிலோ மாதங்களிலோ பேச்சு திரும்பும். பழைய தெளிவு எல்லாருக்கும் திரும்புவதில்லை.

எங்களிடம் வந்தபோது

அறுவைக்குப் பின் 16-வது நாள் எங்களிடம் வந்தாள். அம்மாவின் தோளில் சாய்ந்தபடி, யார் பக்கத்தில் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலது கை ஆட்டம் அதிகம், இடது கை பரவாயில்லை. கஞ்சியும் குழைந்த சோறும் மட்டும் விழுங்க முடிந்தது, அதுவும் மெதுவாக. எடை குறைந்திருந்தது.

முதல் சந்திப்பில் மருத்துவர் கேள்வி கேட்க அப்பா பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ் ஒருவர் குழந்தையின் முன்னால் உட்கார்ந்து, "உனக்குச் செருப்பு எந்தக் கலர்?" என்று கேட்டு மூன்று கலர் பென்சில்களை நீட்டினார். இடது கையால் சிவப்பைத் தொட்டாள். செருப்பு சிவப்புதான். பேசாத குழந்தைக்குப் புரியவும் புரியாது என்று அறையில் இருந்த எல்லாரும், பெற்றோர் உட்பட, அதுவரை நினைத்திருந்தோம். பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் அந்தச் சிவப்புப் பென்சிலிலிருந்துதான் கிளம்பின.

இன்னொன்றும் அன்றே தெரிந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் அவள் காதுபடவே "தலையில கரண்ட் வைக்கப் போறாங்க" என்று பேசியிருக்கிறார்கள். எங்கள் ஊர்களில் ரேடியேஷனுக்கு அதுதான் பேர். அவளோ சுவிட்சைத் தொட்டு ஒருமுறை ஷாக் வாங்கியவள். அம்மா இதைச் சொன்னபிறகுதான், கதவைப் பார்த்தாலே அவள் ஏன் அலறுகிறாள் என்பது விளங்கியது. கரண்ட் என்ற சொல்லை அவள் முன்னால் யாரும் சொல்ல வேண்டாம் என்று குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டோம். அவளிடம், "பெரிய கேமரா, உன்னைச் சுத்தி வரும், தொடாது, வலிக்காது, சத்தம் மட்டும் கேக்கும்" என்று சொன்னோம். ஊசி போடும் நாளில் மட்டும் வலிக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னோம். எதுவுமே வலிக்காது என்று சொல்லிவிட்டு ஊசி போட்டால், மறுநாளிலிருந்து நாம் சொல்லும் எதையும் குழந்தை நம்பாது.

மயக்க மருந்து கொடுப்பதா?

பொதுவாக 4, 5 வயதுக்குக் கீழே இருந்தால் மயக்க மருந்தோடும், 7, 8 வயதுக்கு மேலே விழிப்பிலும் சிகிச்சை நடக்கும். இடைப்பட்ட வயதுக்குத்தான் ஒவ்வொரு பிரிவிலும் ஒவ்வொரு வழக்கம். இவள் வயது 6, பேச்சு இல்லை, அழுகை அதிகம். மயக்க மருந்து கொடுத்துவிடலாம் என்பதே முதலில் எல்லாருடைய எண்ணமும்.

மயக்கவியல் மருத்துவர்தான் தயங்கினார். 30 சிட்டிங், அதாவது 30 முறை ரேடியேஷன் என்றால் வாரத்துக்கு ஐந்து என 6 வாரம் தினமும் மயக்கம். திட உணவுக்கு 6 மணி நேரப் பட்டினி. ஏற்கெனவே எடை குறைந்தவள், வாந்தி இருப்பவள், விழுங்குவதில் சிரமம் இருப்பதால் மூச்சுக்குழாயில் உணவு ஏறும் ஆபத்தும் உண்டு. எதிர்ப்பக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது: படுத்திருக்கும்போது அசைந்தால் டோஸ் தப்பும், விழிப்பில் முயன்று தோற்றால் நாட்கள் போகும். இந்த நோயில் அறுவைக்குப் பிறகு 4 முதல் 6 வாரத்துக்குள் ரேடியேஷனைத் தொடங்கிவிட வேண்டும். தள்ளிப்போடுவது பலனைக் குறைக்கும்.

சரி, இரண்டையும் சேர்த்தே முடிவெடுத்தோம். ஒரு வாரம் ஒத்திகை. அதன் முடிவில், தலை அசையாமல் பிடித்துவைக்கும் முகமூடியோடு 15 நிமிடம் அசையாமல் படுக்க முடிந்தால் விழிப்பில் போவோம். முடியாவிட்டால் அடுத்த திங்களே மயக்க மருந்தோடு சிகிச்சையைத் திட்டமிடும் ஸ்கேன். அந்த நேரத்தை மயக்கவியல் பிரிவில் அப்போதே பதிவு செய்துவிட்டோம். முகமூடியிலும் வாய், மூக்குப் பகுதியைத் திறந்துவிட்டு, கழுத்தை நடுநிலையில் வைத்துச் செய்வது என்று ஒப்புக்கொண்டோம். நடுவில் மயக்க மருந்துக்கு மாற நேர்ந்தாலும் அதே முகமூடி, அதே திட்டம் உதவும்.

பெற்றோரிடமும் இதை அப்படியே சொன்னோம். மயக்க மருந்துக்கு மாறினால் அது குழந்தையின் தோல்வி ஆகாது என்பதை மருத்துவர் அழுத்திச் சொன்னார். அதே மாதம் எங்களிடம் வந்த நான்கு வயதுப் பையனுக்கு முழுக்க மயக்க மருந்தோடுதான் சிகிச்சை நடந்தது, அதுதான் அவனுக்குச் சரி. 'மயக்க மருந்து இல்லாமலே முடித்தோம்' என்பதைச் சாதனைக் கணக்காகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

டோஸும் திட்டமும்

மூளை, முதுகுத்தண்டு முழுவதுக்கும் 13 சிட்டிங்கில் 23.4 கிரே (கிரே என்பது ரேடியேஷன் டோஸின் அலகு). பிறகு கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் 17 சிட்டிங்கில் 30.6 கிரே. கட்டி இருந்த இடத்துக்கு மொத்தம் 54.

அப்பா அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவர், செல்போனில் நிறைய வாசித்துவிட்டு வந்திருந்தார். "மூளைக்குக் கெடுதல்னா டோஸைக் குறைச்சு வைங்க டாக்டர்" என்றார். நியாயமான கேள்வி. 2021-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்று 3 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கு 23.4 கிரேக்குப் பதிலாக 18 கிரே கொடுத்துப் பார்த்தது. குறைத்துக் கொடுத்த பக்கத்தில் பலன் குறைவாக இருந்தது. அதே ஆய்வில், கூடுதல் டோஸைப் பின்மூளை முழுவதுக்கும் கொடுக்காமல் கட்டியிருந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு நோய்க்கட்டுப்பாடு குறையவில்லை. ஆக, குறைக்கக்கூடியது பரப்பளவு, முதல் கட்ட டோஸ் அல்ல. மருத்துவர் இதைப் படம் வரைந்து காட்டினார்.

எக்ஸ்ரே கதிருக்குப் பதிலாகப் புரோட்டான் துகள்களால் தரும் சிகிச்சை பற்றியும் அப்பா கேட்டார். சென்னையில் 2019 முதல் ஒரு தனியார் மையத்தில் அந்தச் சிகிச்சை இருக்கிறது. முதுகுத்தண்டுக்குப் பின்னாலிருந்து போகும் புரோட்டான் கற்றை எலும்பைத் தாண்டியதும் நின்றுவிடுவதால் இதயம், குடல், தைராய்டு ஆகியவற்றுக்கு மிகக் குறைவாகவே டோஸ் போகும். குழந்தைகளுக்கு அது நல்ல வழி என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்தச் செலவு இந்தக் குடும்பத்தால் ஆகாது. தொண்டு நிதிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தால் ஆறு வாரக் கெடு தாண்டிவிடும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது, எங்களிடம் உள்ள வழக்கமான ரேடியேஷன் இயந்திரமான லீனியர் ஆக்சிலரேட்டரிலேயே தொடங்குவது என்று முடிவானது. இந்த ஒப்பீட்டை மறைக்காமல் சொன்னதால்தான் பின்னால் அவர் எங்களை நம்பினார் என்பது என் கணிப்பு.

திட்டமிடலில் இரண்டு விஷயங்களில், டோஸைக் கணக்கிடும் இயற்பியலாளர் கண்டிப்பாக இருந்தார். கண் லென்ஸைக் காப்பாற்றுகிறோம் என்று மூக்குக்கு மேலே இருக்கும் சல்லடை எலும்புப் பகுதியை மறைத்துவிடக் கூடாது. அங்கே டோஸ் குறைந்து நோய் திரும்பிய பழைய அனுபவங்கள் உண்டு. அடுத்தது, வளரும் குழந்தை என்பதால் ஒவ்வொரு முள்ளெலும்பும் முழுதாக டோஸுக்குள் வர வேண்டும். பாதி எலும்பு வளர்ந்து பாதி நின்றால் முதுகு கோணிவிடும். கீழ் எல்லையை எம்ஆர்ஐயில் தண்டுவட உறை முடியும் இடத்தைப் பார்த்தே வைத்தோம். தேவைக்கு மேல் இறக்கினால் சினைப்பைக்கு அருகே போகும்.

ஒத்திகை வாரம்

முகமூடி என்பது வெந்நீரில் போட்டால் இளகும் ஒரு பிளாஸ்டிக் வலை. முகத்தில் படியவைத்தால் சில நிமிடங்களில் ஆறி இறுகிவிடும். பெரியவர்களுக்கே அந்த நிமிடங்கள் மூச்சுமுட்டும். அவளுக்கு முதலில் ஒரு துண்டு வலையைக் கொடுத்தோம். பொம்மையின் முகத்தில் வைத்தாள், பிறகு அம்மாவின் உள்ளங்கையில், பிறகு தன் முழங்காலில். முகத்துக்கு வர நாளானது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அடுத்த சிக்கல், சிகிச்சை அறையில் அவள் தனியாகத்தான் இருக்க வேண்டும். பேசும் குழந்தை என்றால் "அங்கிள்" என்று கூப்பிடும், மைக்கில் கேட்கும். இவளால் முடியாது. கை உயர்த்தச் சொல்லலாம் என்றால், ஆடும் கை எது, அழைக்கும் கை எது என்று கேமராவில் பிரித்தறிய முடியாது. நர்ஸ்தான் அமுக்கினால் கீச்சென்று கத்தும் ஒரு ரப்பர் வாத்தைக் கொண்டுவந்தார். அதை இடது கையில் கொடுத்தோம். அமுக்கினால் அறை மைக்கில் தெளிவாகக் கேட்டது. ஒப்பந்தம் இதுதான்: வாத்து கத்தினால், என்ன காரணமானாலும், பீமை (கதிரை) நிறுத்திவிட்டு உள்ளே வருவோம்.

நேரம் போவது தெரியாமல் இருப்பதைவிட, எவ்வளவு நேரம் மீதம் என்று தெரிவது முக்கியம் என்றார் அம்மா. அதற்கு வழி கண்டவர் அப்பாயி. ஊரிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸின் நிறுத்தங்களை அவள் அறிவாள். வெளியே மைக்கில் அப்பாயி ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவார், யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்ற கதையோடு. நாங்கள் கைகாட்டினால் அடுத்த நிறுத்தம். பஸ் ஸ்டாண்ட் வந்தால் முடிந்தது. இயந்திரத்தில் ஏதாவது தாமதமானால் பஸ் ரயில்வே கேட்டில் நிற்கும்.

வார முடிவில் 15 நிமிடத்தைத் தாண்டிப் படுத்தாள். முகமூடியும் பிளானிங் ஸ்கேனும் விழிப்பிலேயே முடிந்தன. மயக்கவியல் பிரிவில் பதிந்த நேரத்தை ரத்து செய்யாமல், முதல் வாரம் முழுக்க வைத்திருந்தோம்.

சிகிச்சை நாட்கள்

அறுவைக்குப் பின் 35-வது நாள் முதல் சிட்டிங். பீம் தொடங்கியதும் வாத்து கத்தியது. நிறுத்தினோம், உள்ளே போனோம். ஒன்றுமில்லை. மறுபடி தொடங்க, மறுபடி கத்தியது. அன்றைய பட்டியலில் காத்திருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள், இருந்தாலும் ஒவ்வொரு முறையும் நிறுத்தினோம். நாங்கள் சொன்னபடி வருகிறோமா என்று பார்க்கிறாள் என்பது நர்ஸின் ஊகம். மூன்றாம் நாளுக்குப் பிறகு தேவையில்லாமல் அமுக்கவில்லை.

முதல் வாரத்தில் வாந்தி அதிகம். வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் மருந்தைச் சிட்டிங்குக்கு அரை மணி முன்னதாகக் கொடுக்க வேண்டும். இயந்திரம் தாமதமாகும் நாட்களில் மருந்து முன்னதாகவே போய்விடும். அவளுக்குக் காலை முதல் நேரத்தை நிரந்தரமாக ஒதுக்கியதும் அது அடங்கியது. தலைவலிக்காக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் குறைந்த அளவில் தொடங்கினார்கள். வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை, எடை. பட்டினி இல்லாததால் காலையில் இட்லியைக் கரைத்து ஊட்டிவிட்டே அம்மா அழைத்துவருவார். எடை மேலும் இறங்கவில்லை.

முகமூடி இறுகியது

10-வது சிட்டிங்கில் வாத்து மறுபடி கத்தியது. உள்ளே போனால் காரணம் தெரியவில்லை. சரிபார்ப்பு ஸ்கேனில் தலை சரியான இடத்தில் இருந்தது. அடுத்த சிட்டிங்கிலும் அதே கதை. பழக்கம் சலித்துப்போய் அடம்பிடிக்கிறாள் என்று ஒரு கருத்து எழுந்தது. மயக்க மருந்துக்கு மாறலாமா என்ற பேச்சும் வந்தது.

அம்மா வேறொன்றைக் கவனித்திருந்தார். "சார், கன்னத்துல வலை அச்சு சாயங்காலம் வரைக்கும் போகல." பார்த்தோம். ஸ்டீராய்டால் கன்னம் உப்பியிருந்தது. முகமூடி மாறவில்லை, முகம் மாறியிருந்தது. எலும்பு நகராததால் ஸ்கேனில் எல்லாம் சரியாகவே தெரிந்தது, தோலோ நசுங்கிக்கொண்டிருந்தது.

புதிய முகமூடி செய்ய முடிவு. அன்று அவள் சூடான வலையைப் பக்கத்தில் விடவில்லை. வற்புறுத்தாமல், சிட்டிங் இல்லாமலே அனுப்பிவிட்டோம். மறுநாள் காலை, முதலில் பொம்மைக்கு, பிறகு அவளுக்கு. புது ஸ்கேன் எடுத்து, பழைய திட்டத்தை அதன்மேல் கணக்கிட்டுச் சரிபார்த்து, மாலையில் சிட்டிங் கொடுத்தோம். கட்டி இருந்த இடத்துக்கான இரண்டாம் கட்டத் திட்டமும் எப்படியும் தேவைப்பட்டதால் அதே ஸ்கேனில் போட்டாயிற்று.

விட்டுப்போன ஒரு நாளைக் கடைசியில் சேர்க்கவில்லை. இந்த நோயில் மொத்த நாட்கள் நீளக் கூடாது. சனிக்கிழமை இயந்திரத்தைத் திறந்து ஈடுகட்டினோம். 30 சிட்டிங்கும் திட்டமிட்ட வெள்ளிக்கிழமையே முடிந்தன, ஒன்றில்கூட மயக்க மருந்து தேவைப்படவில்லை.

நான்காம் வாரத்தில் "தண்ணி" என்றாள். குரல் இழுத்தது, தெளிவில்லை. சிலர் இதை எங்கள் ஒத்திகையின் பலன் என்றார்கள். அப்படிச் சொல்ல ஆதாரமில்லை, அந்தப் பேச்சிழப்பு தானாகத் திரும்பும் காலம்தான் அது.

முடிந்த பிறகு

சிகிச்சை முடிந்து ஐந்து வாரம் கழித்து, ஊரில் திடீரென நாள் முழுக்கத் தூங்கத் தொடங்கினாள். லேசான காய்ச்சல், சாப்பாடு வேண்டாம். உள்ளூரில் பார்த்த மருத்துவர் கட்டி திரும்பியிருக்கலாம் என்று சொல்ல, குடும்பம் இரவோடு இரவாக வாடகை வேனில் கிளம்பி வந்தது. பரிசோதனைகளில் நோய் இல்லை, கிருமித்தொற்றும் இல்லை. மூளைக்கு ரேடியேஷன் எடுத்த குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு மாதத்தில் இப்படி ஒரு தூக்கக் கலக்கம் வந்து தானாகப் போகும். இவளுக்கும் இரண்டு வாரத்தில் தெளிந்தது. இது வரலாம் என்று டிஸ்சார்ஜ் அன்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. முடிந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் இருந்த பெற்றோருக்கு அது நினைவில் நிற்கவில்லை.

பிறகு கீமோதெரபி. அதில் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் மருந்து காதைப் பாதிக்கும் என்பதால் தொடங்கும் முன்பும் நடுவிலும் காது கேட்கும் திறனைச் சோதித்தார்கள். உயர்ந்த சுருதியில் கொஞ்சம் இழப்பு வந்தது, மருந்தின் அளவைக் குறைத்தார்கள்.

ரேடியேஷன் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்த எம்ஆர்ஐயில் நோய் இல்லை. உயரம் கூடும் வேகம் குறைந்திருக்கிறது, நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் பார்த்துவருகிறார். தைராய்டு மாத்திரை எடுக்கிறாள். பேச்சு மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் புரிகிறது. பள்ளியில் ஒரு வகுப்பு பின்னால் சேர்த்தார்கள், எழுத நேரம் அதிகம் தேவைப்படுகிறது. ஆசிரியருக்கு எங்கள் மருத்துவர் எழுதிய கடிதத்தில் முதல் வரிசையில் உட்காரவைக்கவும், பலகையில் இருப்பதை எழுத அவசரப்படுத்த வேண்டாம் என்றும் கேட்டிருந்தார்.

என்ன மாறியது, என்ன மாறவில்லை

ஸ்டீராய்டு எடுக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இப்போது வாரம் ஒருமுறை முகமூடியைக் கழற்றிய உடனேயும் ஒரு மணி நேரம் கழித்தும் கன்னத்தைப் பார்க்கிறோம். ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. பேச முடியாத குழந்தை சைகை கொடுத்தால், அடம் என்று எழுதுவதற்கு முன் உடல்சார்ந்த காரணத்தைத் தேட வேண்டும் என்பது எழுதப்பட்ட நடைமுறை ஆகியிருக்கிறது.

தூக்கக் கலக்கம் பற்றி எளிய தமிழில் ஒரு தாள் அச்சடித்தோம். எப்போது வரும், எதற்குப் பயப்பட வேண்டாம், எந்த அறிகுறி இருந்தால் உடனே வர வேண்டும், எந்த எண்ணில் அழைக்க வேண்டும். உள்ளூர் மருத்துவரிடம் காட்ட அதன் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி.

நரம்பியல் அறுவைப் பிரிவோடு பேசி, தையல் பிரிக்கும்வரை காத்திராமல் திசுப் பரிசோதனை முடிவு வரும் நாளிலேயே எங்களுக்குத் தகவல் தர ஏற்பாடு செய்தாயிற்று. ஒத்திகைக்கு ஒரு வாரம் கிடைப்பது அதைப் பொறுத்தது. இவள் 16-வது நாள் வந்ததால் கிடைத்தது. 28-வது நாள் வந்திருந்தால் மயக்க மருந்துதான்.

நினைவாற்றல், கற்கும் திறன் ஆகியவற்றுக்கான அடிப்படைச் சோதனையைச் சிகிச்சைக்கு முன் இவளுக்குச் செய்ய முடியவில்லை. பேசாத குழந்தைக்கு அந்தச் சோதனைகள் பொருந்தா. பேச்சு திரும்பியதும் செய்திருக்கலாம், கீமோதெரபியின் நடுவே அது விட்டுப்போனது. இப்போது பள்ளியில் காணும் சிரமத்தில் எவ்வளவு அறுவையால் வந்தது, எவ்வளவு ரேடியேஷனால் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இனி இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மூன்றாம் மாதத்தில் தேதி குறித்தே அனுப்புகிறோம்.

வளரிளம் பருவத்தினருக்கு இதே ஒத்திகை முறை அப்படியே ஒத்துவராது. அவர்களுக்கு ரப்பர் வாத்து அவமானம். பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டு நேராகப் பேசினாலே பாதிப் பிரச்சினை தீரும். சில சிகிச்சைகளுக்கு முன் விந்தணு சேமிப்பது போன்ற விஷயங்களை அப்பா அம்மா முன்னால் எந்தப் பையனும் கேட்கமாட்டான். அதற்கென்று ஒரு தனி அறை இன்னும் எங்களிடம் இல்லை, டோஸ் கணக்கிடும் டோசிமெட்ரி அறையைக் காலி செய்து பயன்படுத்துகிறோம்.

மாறாமல் இருப்பது ஆள் விஷயம். குழந்தைகளைத் தயார்செய்யும் வேலைக்கென்று எங்கள் பிரிவில் ஒரு பணியிடம் கிடையாது. அந்த வாரம் முழுக்க உட்கார்ந்தவர் தன் டூட்டி முடிந்த பிறகு உட்கார்ந்த ஒரு நர்ஸ். அவர் மகப்பேறு விடுப்பில் போன மாதங்களில், இவள் வயதையொத்த குழந்தைகள் பெரும்பாலும் மயக்க மருந்துக்கே போனார்கள். தினம் ஒரு மணி நேரத்தை டூட்டி அட்டவணையிலேயே எழுதித் தரச் சொல்லி நிர்வாகத்திடம் மனு கொடுத்திருக்கிறோம். இப்போதைக்கு வாரம் மூன்று நாள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.